வாசி இல்லாத காசு

திருச்சிற்றம்பலம்



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், இளைஞர்க்கு வாழ்க்கைப் பயிற்சி. திருக்கோயில் மேடையில் இறைவன் புகழைப் பேசாமல், பிள்ளைகளுக்கு வேலை பழக்குவதைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பேசலாம், பேசவும் வேண்டும். ஏனெனில், சைவம் கையிலிருந்து தொடங்குகிற சமயம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுள் முதற்படி யாது? சரியை. அஃதாவது, திருக்கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், பூப்பறித்தல், மாலை தொடுத்தல், விளக்கேற்றுதல், அடியாரைக் கண்டால் அவர்க்கு வேண்டுவது யாது என்று கேட்டுச் செய்தல். ஞானத்திற்குச் செல்லும் வழி துடைப்பத்தைத் தொட்டுத்தான் செல்கிறது. கையை ஒதுக்கிவிட்டுக் கருத்தை மட்டும் வளர்க்கலாம் என்று நம் முன்னோர் எண்ணவில்லை.

இதற்குப் பெரிய புராணத்திலே ஓர் அருமையான நிகழ்ச்சி இருக்கிறது. சோழநாட்டிலே, இன்றைய திருவாரூர் மாவட்டத்திலே உள்ள தலம் திருவீழிமிழலை. அத்தலத்திலே திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் தங்கியிருந்த காலத்தில் மழை பொய்த்தது, பஞ்சம் வந்தது. அடியார்கள் பசியால் வாடுவதைக் கண்டு இருவரும் வருந்தினர். பெருமான் கனவிலே தோன்றி, நாள்தோறும் இருவர்க்கும் ஒவ்வொரு காசு தருவதாக அருளினான். கிழக்குப் பீடத்திலே ஒரு காசு. மேற்குப் பீடத்திலே ஒரு காசு. அக்காசுகளைக் கொண்டு பண்டம் வாங்கி, இருவர் திருமடங்களிலும் அடியார்க்கு அமுது படைக்கப்பெற்றது.

சில நாள் சென்றன. அப்பர் திருமடத்திலே உரிய வேளையில் அமுது நடந்துவிடுகிறது. சம்பந்தர் திருமடத்திலோ காலந்தாழ்கிறது. காரணம் யாது என்று சம்பந்தர் பணியாளரைக் கேட்டார். அவர்கள் சொன்னார்கள்: 'சுவாமி! அப்பர் பெருமான் பெறும் காசை வணிகர்கள் மறுபேச்சின்றி வாங்கிக்கொள்கிறார்கள். நம் காசுக்கோ வாசி கேட்கிறார்கள்.' வாசி என்பது, நாணயத்தின் குறைவுக்காக வணிகர் கழித்துக்கொள்ளும் தொகை. அந்த வாசியைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. அடுப்பு மூட்டத் தாமதமாகிறது.

ஒரே பெருமான் தந்த காசு. ஒன்றுக்கு வாசி உண்டு; மற்றொன்றுக்கு இல்லை. இது ஏன்? சம்பந்தர் சிந்தித்தார். அப்பர் பெருமான் முதுமையிலும் உழவாரப் படையைக் கையில் ஏந்தி, திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிக் கைத்தொண்டு செய்கிறார். அதனால் அவர் பெற்ற காசு வாசியற்ற காசாயிற்று என்று தெளிந்தார். ஞானப்பால் உண்ட பிள்ளை குறைந்தவரா? அல்லர். கைத்தொண்டின் ஏற்றத்தை உலகம் உணர வேண்டும் என்பது திருவுள்ளம். சம்பந்தர் அழுக்காறு கொள்ளவில்லை, காரணத்தைக் கேட்டார், உணர்ந்தார், பெருமானிடம் விண்ணப்பித்து, வாசி நீங்கிய காசு பெற்றார்.

அன்பர்களே! இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கையிலும் ஒரு காசு இருக்கிறது. அது பள்ளியும் கல்லூரியும் தந்த சான்றிதழ். பெற்றோர் நகையை அடகு வைத்தும், நிலத்தை விற்றும் வாங்கிக் கொடுத்த காசு அது. ஆனால் அப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு உலகமாகிய கடைவீதிக்குச் செல்லும்போது என்ன நடக்கிறது? 'பட்டம் இருக்கிறது. ஒரு கடிதம் எழுதத் தெரியுமா? வந்தவரிடம் முகமலர்ந்து பேசத் தெரியுமா? சொன்ன நேரத்திற்கு வருவாயா? பிழை நேர்ந்தால் மறைக்காமல் சொல்வாயா?' என்று கேட்கிறார்கள். பிள்ளை விழிக்கிறான். உடனே வாசி கழிக்கப்படுகிறது. சம்பளத்திலே கழிகிறது, மதிப்பிலே கழிகிறது, தன்னம்பிக்கையிலே கழிகிறது. கல்வி பொய்க்காசு அன்று, நல்ல காசுதான். கைப்பழக்கம் சேராமையால் அதற்கு வாசி வந்துவிட்டது.

இது நம் நாட்டுக் கவலை மட்டுமன்று. உலக சுகாதார நிறுவனம் 1990களிலே, இளைஞர்க்கு இன்றியமையாத வாழ்க்கைத் திறன்கள் எனப் பத்தினை வகுத்துரைத்தது. தன்னை அறிதல், பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணர்தல், ஆராய்ந்து சிந்தித்தல், புதியன சிந்தித்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், தெளிவாகப் பேசுதல், பிறரோடு பொருந்தி வாழ்தல், உணர்ச்சியை ஆளுதல், மன அழுத்தத்தைத் தாங்குதல் ஆகியவை அவை. அதற்கு முன்பே, 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய மாநாட்டிலே, கைத்தொழிலை நடுவாக வைத்தே கல்வி புகட்ட வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தினார். இவற்றை நம் அடியார் வரலாற்றோடு வைத்துப் பாருங்கள். திருநீலகண்டர் மண்பாண்டம் வனைந்தவர், நேசர் நெய்தவர், அதிபத்தர் கடலிலே வலை வீசியவர், ஆனாயர் ஆநிரை மேய்த்தவர், ஏனாதிநாதர் வாட்பயிற்சி தந்த ஆசிரியர், அமர்நீதியார் வணிகர். திருவொற்றியூரில் செல்வராய் வாழ்ந்த கலியர், பொருள் அனைத்தும் தொலைந்தபோது, கூலிக்குச் செக்கு ஓட்டித் திருவிளக்குப் பணியைத் தொடர்ந்தார். நேற்று முதலாளி; இன்று கூலி. அவர்க்கு அதில் நாணம் இல்லை; விளக்கு அணைந்துவிடுமோ என்பதே அவர் கவலை.

அடியார் மட்டுமா? மதுரையிலே ஆலவாய்ப் பெருமானே விறகு விற்றான், வளையல் விற்றான், வந்திக்காகப் பிட்டுக்குக் கூலியாளாய் மண் சுமந்தான். 'அப்பெருமான் வேலையைச் சரியாகச் செய்யவில்லையே, அதனால்தானே பிரம்படி பட்டான்' என்று இங்கே இருக்கும் மாணவர் யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. பெருமான் ஆடிப்பாடிக் கரையை அடைக்காமல் விட்டது அவன் திருவிளையாடல். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவன் முதுகிலே விழுந்த அடி, அடித்த அரசன் முதுகிலும் அமைச்சர் முதுகிலும், ஏனைய உயிர்கள் அனைத்தின் மேலும் விழுந்தது. ஒருவன் செய்யாமல் விட்ட பங்கு, ஊரார் எல்லார் முதுகையும் தாக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

சரி, பயிற்சி வேண்டும். அதை எப்படித் தருவது? இதற்குக் கண்ணப்பர் வரலாற்றை நோக்க வேண்டும். நாம் அவர் கண்ணை அப்பிய காட்சியையே நினைக்கிறோம். அதற்கு முன் அவர் எவ்வாறு வளர்க்கப்பட்டார் என்பதையும் சேக்கிழார் பெருமான் விரிவாகச் சொல்கிறார். உடுப்பூர் வேடர் தலைவன் நாகன். அவன் மகன் திண்ணன். தக்க பருவம் வந்ததும், வில்தொழில் வல்ல ஆசிரியனிடம், நல்ல நாள் பார்த்துப் பயிற்சி தொடங்குகிறார்கள். முறையாகக் கற்றுப் பதினாறு வயதை அடைகிறான் திண்ணன். அவ்வேளையிலே நாகனுக்கு முதுமை வந்துவிட்டது. விலங்குகள் மிகுந்து புனத்தை அழிக்கின்றன என்று ஊரார் வந்து முறையிடுகின்றனர். நாகன் என்ன செய்தான்? 'என் மகன் சிறுவன்' என்று சொல்லவில்லை. முன்போல் தன்னால் வேட்டையாட இயலவில்லை என்று ஊரறியச் சொன்னான். மகனை அழைத்தான்; தலைமைக்குரிய தோலையும் வாளையும் அவன் கையிலே தந்தான்; தேவராட்டியை வரவழைத்து வாழ்த்தச் செய்தான்; கன்னி வேட்டைக்கு அனுப்பினான். நாணன், காடன் என்னும் துணைவர் இருவர் உடன் சென்றனர்.

இதிலே நான்கு செய்திகள் இருக்கின்றன. முதலாவது, காலத்தில் பயிற்சி. இரண்டாவது, தக்க ஆசிரியர். மூன்றாவது, ஊரறிய ஒப்படைப்பு. நான்காவது, தனியே விடாமல் துணை. நாம் பெரும்பாலும் முதல் மூன்றையும் விட்டுவிடுகிறோம். பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தண்ணீரை நாமே மொண்டு கொடுக்கிறோம். அவன் தட்டை நாமே கழுவுகிறோம். வங்கிக்கு நாமே செல்கிறோம். விண்ணப்பத்தை நாமே நிரப்புகிறோம். கேட்டால், 'படிக்கிற பிள்ளை, தொந்தரவு செய்ய வேண்டா' என்கிறோம். இருபத்திரண்டு வயதிலே அவனை ஒரு பெருநகரத்துப் பேருந்தில் ஏற்றிவிட்டு, 'இனி உன் பாடு' என்று கையசைக்கிறோம். அன்பு என்று எண்ணிச் செய்த அது அன்பா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. பதினான்கு வயது நிரம்பாதவரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது; பதினெட்டு நிரம்பாதவரை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்தலாகாது என்பது 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் நாட்டுச் சட்டம். பிறர் ஊதியத்திற்காகப் பிள்ளையின் உழைப்பைச் சுரண்டுவது வேறு. பிள்ளையின் வாழ்வுக்காக அவன் கையைப் பழக்குவது வேறு.

பழக்க வேண்டியவை யாவை? மூன்றினை மட்டும் சொல்கிறேன்: கை, காசு, சொல்.

முதலாவது கை. சோறு வடிக்க, துணி துவைக்க, கிழிந்ததைத் தைக்க, இருக்கும் பொருளைக் கொண்டு ஒரு நாளை நடத்தத் தெரிய வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இது பொது. இளையான்குடி மாறனார் வீட்டிலே, மழை கொட்டும் நள்ளிரவில் விருந்து வந்தது, நெல் இல்லை, விறகு இல்லை, கறி இல்லை. அன்று விதைத்த நெல்லை வாரி வரலாம் என்று வழி சொன்னவர் அவருடைய மனைவியார். விதையைக் கொண்டு வந்தவரும், கூரை வரிச்சை அறுத்து விறகாக்கியவரும், குழியிலே முளைத்திருந்த கீரையைப் பறித்து வந்தவரும் மாறனார். ஈர நெல்லை வறுத்துக் குத்தி அமுதாக்கியவர் அம்மையார். சமையலறை அம்மையார் பொறுப்பு என்று மாறனார் திண்ணையிலே அமர்ந்திருந்தால் விருந்து நடந்திருக்குமா?

இரண்டாவது காசு. பிள்ளை பார்க்கும்படி வீட்டு வரவு செலவை எழுதுங்கள். பத்து வயது நிரம்பிய சிறுவர் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க வங்கிகள் இடந்தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, அதைப் பயன்படுத்துங்கள். வேலைக்குச் சேரும் பிள்ளைக்குச் சம்பளச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள், முதலாளி தம் பங்கைச் செலுத்துகிறாரா என்று பார்க்கத் தெரிய வேண்டும். எதையும் படிக்காமல் கையெழுத்திடலாகாது. நண்பனுக்காக ஜாமீன் கையெழுத்து இடுகிறான் இளைஞன். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ, அவ்வளவு பொறுப்பு ஜாமீன் நின்றவனுக்கும் உண்டு என்பதை அவனுக்கு யார் சொன்னார்கள்? கைப்பேசியில் வரும் உடனடிக் கடனும் இணையவழிச் சூதாட்டமும் எத்தனை குடும்பங்களைச் சிதைத்துவிட்டன! அச்சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2023இல் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. இணையவழியே பணம் பறிபோனால் நாணி மறைக்காமல், உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பிறர் பொருளைக் காக்கும் முறையை அமர்நீதியாரிடம் கற்க வேண்டும். அடைக்கலமாக வைத்தது ஒரு கோவணந்தான். அது காணாமற் போயிற்று. 'ஒரு துணித்துண்டுதானே' என்று அவர் சொல்லவில்லை. தம் செல்வம் முழுவதையும் தராசிலே இட்டார்; தட்டு நேர்நிற்கவில்லை; மனைவியோடும் மகனோடும் தாமும் ஏறினார். நம்பி ஒப்படைத்த பொருளின் எடை, கடைத்தராசில் காணும் எடை அன்று.

மூன்றாவது சொல். காஞ்சியிலே திருக்குறிப்புத்தொண்டர், அடியார் துணியை வெளுத்துத் தருவதைத் தொண்டாகக் கொண்டவர். மெலிந்த மேனியும் அழுக்குக் கந்தையுமாக ஓர் அடியார் வந்தார். குளிர் தாங்காதவர்; பொழுது சாய்வதற்குள் துணி வேண்டும் என்றார். தொண்டர் ஒப்புக்கொண்டார். வெளுக்கத் தொடங்கினார்; மழை பிடித்துக்கொண்டது; விடவில்லை; பொழுதும் சாய்ந்தது. சொன்ன சொல் தவறிற்றே என்று அவர் நெஞ்சு உடைந்தது. துணி துவைக்கும் கற்பாறையிலே தம் தலையை மோதச் சென்றார். அப்பொழுது, அப்பாறையிலிருந்து பெருமான் திருக்கை எழுந்து, அவரைப் பற்றித் தடுத்தது.

தாய்மார்களே! இந்த இடத்திலே சற்று நில்லுங்கள். சொன்ன சொல்லைக் காக்க வேண்டும், குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும் என்னும் உறுதியை நம் பிள்ளைகள் தொண்டரிடம் கற்க வேண்டும். ஆனால் பாறையிலே மோதும் செயல் நாம் பின்பற்றுவதற்கு உரியது அன்று. பெருமானே அதைத் தடுத்துவிட்டான். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தது, ஒரு வேலை கிடைக்கவில்லை, கடன் ஏறிவிட்டது என்பதற்காக, உயிரையே விடத் துணியும் இளைஞர் நம்மிடையே இருக்கிறார்கள். மழை பெய்ததற்குத் தொண்டர் பொறுப்பாவாரா? தோல்வி எல்லாம் குற்றம் அன்று என்பதை அப்பிள்ளைக்கு யார் சொல்வது? 'என்னால் முடியவில்லை, உதவுங்கள்' என்று வாய்விட்டுச் சொல்வதும் ஒரு திறமை. அதையும் பழக்க வேண்டும். அதைச் சொல்லும்போது சீறி விழாமல் கேட்பது பெற்றோர் பழக வேண்டிய திறமை. வீட்டிலே சொல்ல இயலாதவர்க்கு, 2022 முதல் 14416 என்னும் மனநல உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை. பாறைக்கும் பிள்ளையின் தலைக்கும் இடையே ஒரு கை வேண்டும். பெருமான் கை இன்று எங்கிருந்து எழும்? தாயின் கையாக, ஆசிரியர் கையாக, அண்டை வீட்டார் கையாகத்தான் எழும்.

இனி, நம் கண்முன் நிற்கும் தேரைப் பாருங்கள். திருவாரூர் ஆழித்தேர் ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன் எடையும் உடையது. அத்தகைய தேரை வடம் பிடித்து இழுப்பவர் ஆயிரக்கணக்கானோர். ஆனால் அதை வீதி முனையிலே திருப்புபவர் யார்? சக்கரத்தின் அருகிலே முட்டுக்கட்டை போடும் சிலர். வழக்கிலே முட்டுக்கட்டை போடுதல் என்றால் தடை செய்தல் என்று பொருள் சொல்கிறோம். தேரடியில் நின்று பார்த்தவர்க்கே அதன் உண்மை தெரியும். கட்டை இல்லையேல் தேர் திரும்பாது, தறிகெட்டு ஓடும். கட்டையை எடுக்காவிட்டாலோ தேர் நகராது. உரிய நொடியிலே இட வேண்டும். உரிய நொடியிலே எடுக்க வேண்டும். பெற்றோரின் கண்டிப்பும் அத்தகையதே. இட மட்டும் தெரிந்து எடுக்கத் தெரியாதவர், பிள்ளையை நிலையிலேயே நிறுத்திவிடுகிறார். எடுக்க மட்டும் தெரிந்தவர், தேரை வீட்டுச் சுவர்மீது ஏற்றிவிடுகிறார்.

அந்தக் கட்டை போடும் திறமை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெரியவர் அருகிலே நின்று, முதலில் கட்டையை எடுத்துக் கொடுத்து, பிறகு சிறிய தேரிலே பழகி, அதன் பின்னரே பெரிய தேரின் சக்கரத்தருகே செல்ல வேண்டும். எல்லாப் பயிற்சிக்கும் இதுவே முறை. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டமும் இம்முறையை ஒட்டியதே. கற்கும் காலத்திலேயே உதவித்தொகையோடு தொழிற்சாலையில் பழக அது வழி செய்கிறது. தொழிற்பயிற்சி நிலையத்திலே பிள்ளையைச் சேர்ப்பது மதிப்புக் குறைவு என்று எண்ணும் பெற்றோர், திருவீழிமிழலைக் காசை மீண்டும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, இத்திருக்கோயிலைச் சார்ந்த பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். திருவிழா என்பது பத்து நாள் நடக்கும் பெரிய பயிற்சிக்கூடம். அன்னதானத்திற்கு எத்தனை பேர் வருவர், எவ்வளவு அரிசி வேண்டும் என்று கணக்கிடும் பொறுப்பை இரண்டு இளைஞரிடம் விடுங்கள். வரவு செலவுக் கணக்கை ஒரு பெண் பிள்ளை எழுதட்டும்; நிறைவு நாளில் சபையோர் முன்னிலையில் அவளே படிக்கட்டும். தண்ணீர்ப் பந்தலை மாணவர் நடத்தட்டும். சமணம் சார்வதற்கு முன்னரே மருள்நீக்கியார் இளமையிலே தண்ணீர்ப் பந்தலும் அறச்சாலையும் அமைத்தவர் அல்லவா? தவறு நேரும். சோறு ஒரு நாள் குறையும். கணக்கிலே நூறு ரூபாய் இடிக்கும். அப்பொழுது பொறுப்பைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். அருகிலே நில்லுங்கள். நாணனும் காடனும் போல நில்லுங்கள்.

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு சொல். பெரியவர் தரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. சேய்ஞலூரிலே விசாரசருமர் சிறுபிள்ளை. பசுவை ஆயன் அடிப்பதைக் கண்டார், தடுத்தார். தடுத்ததோடு நில்லாமல், 'நானே மேய்க்கிறேன்' என்று பொறுப்பை ஏற்றார். அந்தணரிடம் இசைவு பெற்று மேய்த்தார். புல் நிறைந்த இடம், நல்ல தண்ணீர், நிழல் எல்லாம் அறிந்து ஓட்டிச் சென்றார். பசுக்கள் முன்னிலும் மிகுதியாகப் பால் பொழிந்தன. குறை காண்பது எளிது. கண்ட குறையைத் தன் கையால் நீக்க முன்வருவதே வளர்ச்சி. அந்தப் பிள்ளைதான் இன்று எல்லாச் சிவாலயங்களிலும் சண்டிகேசுவரராக வீற்றிருக்கிறார். நாம் அவர் முன்னே கையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போகிறோம். கோயிலிலிருந்து எதையும் கொண்டு போகவில்லை என்பதற்கு அது அடையாளம் என்பர். இனி அங்கே கையை விரிக்கும்போது, 'இந்தக் கை இன்று என்ன செய்தது' என்றும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகள் பெறும் காசு எந்தக் கடைவீதியிலும் வாசியின்றிச் செல்லும் காசாக அமைய, வீழிமிழலைப் பெருமான் திருவருள் துணை நிற்பதாக. அவர்கள் கை உழைப்பிலும், நா வாய்மையிலும், நெஞ்சு அவன் திருவடியிலும் நிலைபெறுவதாக. உலகெலாம் நலம் பெறுவதாக.

திருச்சிற்றம்பலம்